சென்னையின் பேரரசின் வீழ்ச்சிக்கான காரணங்களை விவரி

நம் பள்ளி வரலாற்றுப் பாடத்தில் எந்தப் பேரரசும் வயதாகி, பேரன் பேத்தி எடுத்து, பென்ஷனோடு ஓய்வு பெற்றதில்லை. குப்தர்களுக்கு ஹூணர்கள் வந்தார்கள். விஜயநகரத்துக்குத் தலைக்கோட்டை வந்தது. சென்னையின் எஃப்சி கால்பந்து அணிக்கு மட்டும் வெளியிலிருந்து யாரும் வரத் தேவைப்படவில்லை. 2018-19 சீசனில் அவர்களே இறங்கி வேலையை முடித்துக்கொண்டார்கள்.

முதலில் பொற்காலம். 2018 மார்ச் 17. இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) இறுதிப் போட்டி பெங்களூரு ஸ்ரீகண்டீரவா ஸ்டேடியத்தில், எதிரணியும் பெங்களூரு. ஒன்பதாவது நிமிடத்திலேயே சுனில் சேத்ரி கோல் போட, மேற்குத் தாம்பரத்தில் எங்கள் மாமா டிவியை அணைக்க எழுந்தார். அதற்குள் மெய்ல்சன் ஆல்வெஸ் தலையால் முட்டி ஒன்று போட்டார். இடைவேளைக்கு முன் இன்னொன்று. மாமா ரிமோட்டை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மூன்றாவது ராஃபேல் அகஸ்டோ. 3-2, இரண்டாவது முறையாகக் கோப்பை. உரிமையாளர்களில் அபிஷேக் பச்சனும் தோனியும் இருந்ததால், எங்கள் தெருக் கொடிக்கயிறுகளில் மஞ்சள் சட்டைக்குப் பக்கத்தில் நீலச் சட்டைக்கும் ஒரு கிளிப் கிடைத்தது.

ஆறே மாதம். செப்டம்பர் 30 அன்று அதே பெங்களூருவில் புது சீசன் தொடங்கியது. 0-1. அடுத்து சென்னையில் கோவா வந்து மூன்று போட்டுவிட்டுப் போனது. அதே சென்னையில் நார்த்ஈஸ்ட் அணிக்கு எதிராக 3-1 என்று முன்னிலை. மாமா வெற்றிலை மடிக்கத் தொடங்கினார். சுண்ணாம்பு தடவி முடிப்பதற்குள் அவர்களின் ஒக்பெச்சே ஹாட்ரிக் அடித்து, ஆட்டம் 3-4 என்று முடிந்தது. மூன்று கோல் போட்டும் தோற்பதற்குத் தனித் திறமை வேண்டும்.

முதல் வெற்றி நவம்பரில், புனேயில் 4-2. ஊரைக் கவனிக்க வேண்டும். 2015 டிசம்பரில் அடையாறு முடிச்சூருக்கும் வரதராஜபுரத்துக்கும் வீட்டுக்குள்ளேயே வந்து குசலம் விசாரித்தபோது, சென்னையின் தன் 'சொந்த ஊர்' அரையிறுதியை ஆடியது புனேயில்தான். கொல்கத்தாவை 3-0 என்று வென்று, பிறகு கோப்பையையும் தூக்கியது. 2018-ல் காவிரிப் போராட்டத்தின்போது சூப்பர் கிங்ஸ் மூட்டை கட்டிய ஊரும் அதே புனே. சென்னை அணிகளுக்குப் புனே மாமியார் வீடு மாதிரி. போனால் கவனிப்பு பலம்.

நம் வீட்டில்தான் கவனிப்பு இல்லை. அரங்கத்துக்கு 'மெரினா அரீனா' என்று செல்லப்பெயர் வைத்தார்கள். அங்கே நின்றால் கடற்காற்றுகூட வராது. அது பெரியமேடு நேரு ஸ்டேடியம். தாம்பரத்துக்காரன் மின்சார ரயிலேறி, பார்க் ஸ்டேஷனில் இறங்கி, ரிப்பன் மாளிகைப் பக்கமாக நடந்து போய்த் தோல்வியைப் பார்க்க வேண்டும். திரும்பும் பயணத்துக்கு ஒரு முறை உண்டு. எழும்பூர் வரை மௌனம். மாம்பலத்தில் ஒருவர் கோல்கீப்பரைத் திட்டுவார். கிண்டியில் கோச் ஜான் கிரிகரியின் தலை உருளும். 2000-ல் ஆஸ்டன் வில்லாவை எஃப்ஏ கோப்பை இறுதி வரை கொண்டுபோன மனிதர், பல்லாவரம் வருவதற்குள் ஃபுட்பாலே தெரியாதவர் ஆகிவிடுவார். குரோம்பேட்டையில் 'இனிமே இந்தப் பக்கமே வரமாட்டேன்' என்ற சபதம். தாம்பரம் படியேறும்போது, 'அடுத்த மேட்ச் என்னிக்கு மச்சான்?'

அந்த சீசன் முழுக்கச் சென்னையில் கிடைத்த லீக் வெற்றி ஒன்றே ஒன்று: 2019 பிப்ரவரியில் பெங்களூருவை 2-1. பட்டியலில் மேலே நின்ற அணியை வீழ்த்திவிட்டு, கீழே கிடந்த கேரளாவிடம் போனார்கள். முதல் ஆட்டத்தில் ஜெயித்ததோடு சரி, அதன்பின் 14 ஆட்டங்களாக வெற்றியே பார்க்காத கேரளா பிளாஸ்டர்ஸ். நாம் கொச்சிக்குப் போய் அந்த விரதத்தை முடித்துவைத்தோம்: 0-3. ஜனவரியில்தான் அவர்களிடமிருந்து சி.கே. வினீத்தைக் கடனாக வாங்கியிருந்தோம். வட்டி கோலாக வசூலானது.

மொத்தக் கணக்கு: 18 ஆட்டம், 2 வெற்றி, 13 தோல்வி, போட்டது 16, வாங்கியது 32. முந்தைய சீசனின் 32 புள்ளிகள் 9 ஆயின. 'செல்சியும்தான் 2015-ல் சாம்பியன் ஆகிவிட்டு அடுத்த வருஷம் பத்தாம் இடம் வந்தது' என்று மச்சான் ஐரோப்பிய ஆதாரத்தோடு வாதாடினான். உண்மைதான். அங்கே அணிகள் இருபது. இங்கே பத்து.

காரணங்கள்? வியாசர்பாடி தனபால் கணேஷ் முழங்கால் காயத்தில் உட்கார்ந்துவிட்டார். மிசோரம் கோல் எந்திரம் ஜெஜே அந்த லீக்கில் கோல் போடுவதையே கிட்டத்தட்ட மறந்துபோனார். இதற்கு மேல் எழுதினால் கிண்டிக்காரர்களின் வாதங்களைத்தான் எழுத வேண்டும்.

ஆனால் இந்த வரலாற்றின் ருசியான பகுதி இனிமேல்தான். பழைய கோப்பையின் புண்ணியத்தில் சென்னையினுக்கு ஆசியப் போட்டியில், அதாவது ஏஎஃப்சி கோப்பையில், இடம் இருந்தது. ஐரோப்பாவின் யூரோப்பா லீக் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். விமானத்தில் சாப்பாடு கொஞ்சம் சுமாராக இருக்கும். சென்னையில் அரங்கம் கிடைக்கவில்லை. எனவே நம் 'சொந்த மண்' அகமதாபாத்! சென்ட்ரலில் நவஜீவன் ஏறினால் ஒரு நாளுக்கு மேல் ஆகும்.

சிரிக்காதீர்கள். 2019 மார்ச்சில் ஐ-லீக் கோப்பையை வென்றது சென்னை சிட்டி எஃப்சி. அவர்களுக்குச் சொந்த மண் கோயம்புத்தூர். ஆக, பெயரில் சென்னையை வைத்திருந்த இரண்டு அணிகளில் ஒன்று கொங்கு நாட்டிலும் இன்னொன்று குஜராத்திலும் குடியிருந்தது. காஞ்சிபுரம் மாவட்ட முகவரியை வைத்துக்கொண்டு வெளியூரில் 'நான் சென்னை' என்று சொல்லித் திரிந்த எங்களுக்கு இதில் அதிர்ச்சி ஒன்றும் இல்லை.

வீட்டில் எலி, வெளியில் புலி. கொழும்பு எஃப்சியுடன் அங்கே 0-0, அகமதாபாத்தில் ஜெஜேவுக்குத் திடீரென்று நினைவு திரும்பி 1-0. ஏப்ரலில் புவனேஸ்வரம் போய் சூப்பர் கோப்பையின் இறுதி வரை ஏறி, கோவாவிடம் 1-2 என்று தோற்றது அதே கடைசி அணிதான். ஆசியாவில் நேபாளத்தின் மனாங் மர்ஷ்யாங்டியை 2-0. வங்கதேசத்தின் அபாஹனியை 1-0. டாக்காவில் அவர்கள் 3-2 என்று திருப்பிக் கொடுத்தார்கள்.

ஜூன் 26, கடைசி நாள். நாம் மனாங்கை 3-2 என்று வென்றோம். குவாஹாட்டியில் அதே குரூப்பின் மினர்வா பஞ்சாப் அபாஹனியுடன் டிரா செய்தாலே போதும், நாம் அடுத்த சுற்று. அந்த ஜூனில் தாம்பரமே குடத்தை வரிசையில் வைத்துத் தண்ணீர் லாரிக்காகக் காத்திருந்தது; சென்னையின் மினர்வாவுக்காகக் காத்திருந்தது. லாரியாவது எப்போதாவது வந்தது. அபாஹனி 1-0. நமக்கு 11 புள்ளி, அவர்களுக்கு 13.

நவம்பர் கடைசியில் கிரிகரி விலகினார். அணி விழித்தெழுந்து அடுத்த ஐஎஸ்எல் இறுதிப் போட்டி வரை போய்விட்டது. 2020 மார்ச் 14, கோவா, ஏடிகேயிடம் 1-3. கொரோனாவால் அரங்கில் ரசிகர் ஒருவர்கூட இல்லை. மாமா அன்று ஆட்டம் முடியும் முன்பே ரிமோட்டை என்னிடம் கொடுத்துவிட்டார்.