விவசாயிக்கு வேர் முளைத்த கதை

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்திலிருந்து. அவர்களில் பலருக்கும் தகராறு ஒரே இடத்தில்தான்: ப்ரோக்ராமுக்குள் மேற்கோள் குறி போட்டுப் பல வரி எஸ்.க்யூ.எல். க்யூரியைத் திணிப்பதில்.

கேள்வி: சார், சின்ன வெங்காய விவசாயிகள் பட்டியல்தான் என் கல்லூரி ப்ராஜெக்ட். ஜாவாவில் நீளமான க்யூரி. வரிக்கு வரி மேற்கோள் குறி, வரிக்கு வரி ப்ளஸ். டேட்டாபேஸில் நேரடியாகப் போட்டால் ஓடுகிறது. ப்ரோக்ராமில் ஓட்டினால் 'சமக்குறிக்குப் பக்கத்தில் பிழை' என்கிறது. சமக்குறியில் என்ன தப்பு? – மாணவி, வேப்பந்தட்டை

பதில்: சமக்குறி பாவம், ஒரு தப்பும் செய்யவில்லை. நான்காவது வரியை 'ஃப்ரம் விவசாயி' என்று முடித்து, மேற்கோளை மூடி, ப்ளஸ் போட்டிருக்கிறீர்கள். ஐந்தாவது வரி 'வேர் வட்டம் =' என்று தொடங்குகிறது. நமக்குத்தான் அது இரண்டு வரி. ப்ளஸ் ஒட்டும்போது நடுவில் இடைவெளி விடாது. டேட்டாபேஸுக்குப் போய்ச் சேருவது 'ஃப்ரம் விவசாயிவேர் வட்டம் ='. அது 'விவசாயிவேர்' என்று ஏதோ ஒரு டேபிள், அதன் செல்லப் பெயர் 'வட்டம்' என்று நல்லெண்ணத்தோடு படித்துக்கொண்டு போகிறது. சமக்குறியில் வந்து முட்டியதும்தான் கத்துகிறது. அடி பட்டது ஓரிடம், வலி சொல்வது இன்னோரிடம்.

பழைய வைத்தியம்: ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் மேற்கோளுக்குள் ஒரு இடைவெளி. முடிவில் விட்டால் கண்ணுக்குப் படாது. தொடக்கத்தில் விட்டால் விட்டுப்போன வரி தனியாகத் தெரியும். சரியான வைத்தியம்: ப்ளஸ்ஸையே விட்டுவிடுங்கள். 2020 செப்டம்பரில் வந்த ஜாவா 15-லிருந்து மூன்று இரட்டை மேற்கோள் போட்டு, க்யூரியை வரி வரியாக அப்படியே உள்ளே எழுதி, மூன்று மேற்கோளால் மூடலாம். பைத்தான்காரர்கள் இதைப் பல காலமாகச் செய்கிறார்கள். பிஎச்பியில் ஹியர்டாக், ஜாவாஸ்கிரிப்டில் 2015 முதல் பேக்டிக். ஜாவாதான் ஆடி அசைந்து வந்து சேர்ந்தது. உங்கள் கல்லூரி லேபில் இன்னும் ஜாவா 8 என்றால் முதல் வைத்தியத்தோடு காலம் தள்ளுங்கள்.

கேள்வி: 'ஸ்டேஷன்' டேபிளில் பெரம்பலூர் என்று தேடினால் ஒரு வரிகூட வரவில்லை. க்யூரியில் என்ன பிழை? – வாசகர், பெரம்பலூர்

பதில்: க்யூரி சரிதான். ஊரில் ரயில்தான் இல்லை. அரியலூர் என்று போட்டுப் பாருங்கள், வரும்.

கேள்வி: க்யூரிக்கு நடுவில் இரண்டு ஹைஃபன் போட்டு 'இது தள்ளுபடிக்காக' என்று ஒரு குறிப்பு எழுதினேன். அதற்குக் கீழே இருந்த நிபந்தனை எல்லாம் காணாமல் போய்விட்டது. பிழையும் வரவில்லை, தள்ளுபடி மட்டும் எல்லோருக்கும் கிடைக்கிறது. – வாசகர், ஆண்டிமடம்

பதில்: உங்கள் வாடிக்கையாளர்கள் கொடுத்து வைத்தவர்கள். இரண்டு ஹைஃபன் என்றால் அந்த வரி முடியும்வரை குறிப்பு என்று பொருள். நீங்கள் ப்ளஸ் போட்டு ஒட்டியதில் வரி முடிவே இல்லை. மொத்தமும் ஒரே வரி. ஆகவே குறிப்புக்குப் பின்னால் வந்ததெல்லாம் குறிப்பாகிவிட்டது. வேப்பந்தட்டை மாணவிக்காவது பிழை என்று சொல்லிற்று. உங்களுக்கு வாயே திறக்கவில்லை, அதனால் உங்களுடையதுதான் பெரிய வியாதி. மூன்று மேற்கோள் முறையில் வரி முடிவும் சேர்ந்தே போகும், குறிப்பு தன் வரியோடு நிற்கும். அதுவரை சாய்கோடு, நட்சத்திரம் போட்டுத் திறந்து மூடும் குறிப்பை எழுதுங்கள்.

கேள்வி: எஸ்.க்யூ.எல். ரொம்பப் பழசு, தூக்கிப் போடுங்கள் என்கிறானே என் மகன்? – வாசகி, ஆலத்தூர்

பதில்: 1974-ல் ஐபிஎம் நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வுக்கூடத்தில் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் உருவாக்கியது. முதலில் வைத்த பெயர் 'சீக்வல்'. அது ஏற்கெனவே பிரிட்டனில் ஒரு விமான நிறுவனத்தின் வணிகப் பெயராக இருந்ததால் எழுத்தைக் குறைத்தார்கள். மகனை ஒருமுறை சாத்தனூர் கல்மரத்தைப் பார்க்க அழைத்துப் போங்கள். பழசு என்றால் அது. சுமார் 12 கோடி ஆண்டு.

கேள்வி: எங்கள் கடை பில்லிங் ப்ரோக்ராம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. தூத்துக்குடியிலிருந்து வந்த மருமகளின் பெயர் டி'குரூஸ். அவள் பெயரைப் போட்டாலே ப்ரோக்ராம் விழுந்துவிடுகிறது. மருமகள் வந்த நேரமா? – வாசகர், ஏலாக்குறிச்சி

பதில்: ஐயா, மருமகள் மேல் பழி வேண்டாம். வீரமாமுனிவர் கோவில் கட்டிய ஊரில் இருந்துகொண்டு ஐரோப்பியப் பெயரைக் கண்டு பயப்படலாமா! பெயருக்கு நடுவில் உள்ள ஒற்றை மேற்கோள்தான் விஷயம். ப்ரோக்ராம் எழுதியவர், பெயரை அப்படியே க்யூரிக்குள் ஒட்டியிருக்கிறார். 'டி' என்றதும் மேற்கோள் மூடிக்கொள்கிறது. மிச்சம் நிற்கும் குரூஸ் என்னவென்று டேட்டாபேஸுக்குத் தெரியவில்லை.

மருமகளுக்கு நன்றி சொல்லுங்கள். இந்த ஓட்டை வழியே கெட்டவன் வந்திருந்தால்? பெயர்க் கட்டத்தில் ஒற்றை மேற்கோள், பிறகு 'ஆர் 1=1', பிறகு இரண்டு ஹைஃபன். ஆண்டிமடத்துக்காரரின் அதே ஹைஃபன்தான். மிச்ச நிபந்தனையெல்லாம் குறிப்பாகிவிடும். உங்கள் கணக்கு முழுக்க அவன் திரையில் விரியும். 1998-லேயே 'ஃப்ராக்' இதழில் ஜெஃப் ஃபாரிஸ்டால் இந்த வித்தையைப் பற்றி எழுதிவிட்டார். மருந்தும் பழையது: மதிப்பு வரவேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு க்யூரியை முதலில் அனுப்புவது, பெயரைத் தனியாகக் கொடுப்பது. அப்போது டி'குரூஸ் என்ன, யார் வந்தாலும் அது பெயர்தான், க்யூரியின் பகுதி ஆகாது.

இளைஞர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மூன்று மேற்கோளைப் புகழ்ந்தேன் அல்லவா? அதற்கு முன்னால் ஒரு 'எஃப்' சேர்த்து, அடைப்புக்குள் மாறியை நுழைக்கும் வசதி 2016-ல் வந்த பைத்தான் 3.6 முதல் இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் பேக்டிக்கிலும் அதேதான். பார்க்க அழகு, க்யூரியில் செய்தால் பழைய ஓட்டையே. க்யூரி ப்ரோக்ராமுக்குள் இருக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. மதிப்பு மட்டும் க்யூரிக்குள் போகக் கூடாது.

கேள்வி: செந்துறை வட்டத்தின் பழைய பதிவுகளை எடுக்க 'மாவட்டம் = அரியலூர்' என்று க்யூரியில் எழுதியிருக்கிறேன். நடுநடுவே சில ஆண்டுகள் வருவதில்லை. – வாசகி, அரியலூர்

பதில்: உங்கள் மாவட்டமே நடுநடுவே இருந்ததில்லையே அம்மா! 1995 வரை நீங்கள் எல்லோரும் திருச்சி. அந்த ஆண்டு பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது, நீங்கள் அதற்குள். 2001 ஜனவரி 1 அன்று அரியலூர் தனி. 2002-ல் மறுபடி பெரம்பலூரோடு சேர்த்தார்கள். 2007 நவம்பர் 23 முதல் மறுபடி தனி. செந்துறை இருந்த இடத்திலேயே இருந்தது. பெயர்ப்பலகைதான் போய்ப் போய் வந்தது. அந்தந்த நாளில் எழுதியவர் அந்தந்த மாவட்டத்தை எழுதியிருக்கிறார். அவர் மேல் குற்றமில்லை.

மாவட்டப் பெயரை ஸ்ட்ரிங்குக்குள் எழுதியதுதான் குற்றம். எந்த வட்டம், எந்த மாவட்டம், எந்த நாள் முதல், எந்த நாள் வரை என்று நான்கு பத்தியில் ஒரு சின்ன டேபிள் செய்யுங்கள். பதிவின் நாள் அந்த இரண்டு நாளுக்குள் விழுகிறதா என்று க்யூரி பார்க்கட்டும். வட்டத்தின் பெயர் கேள்விக்குறி வழியாக வரட்டும். மாவட்டத்துக்கு ஒரு டேபிள் என்று தனித்தனியாகப் பிரித்து வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு செய்தி: கேள்விக்குறியால் டேபிள் பெயரை நிரப்ப முடியாது. மீண்டும் ஒட்டு வேலைக்கே திரும்புவீர்கள்.

கேள்வி: க்யூரிகளைத் தனிக் கோப்பில் வைக்க வேண்டும் என்கிறார் எங்கள் டீம் லீடர். ப்ரோக்ராமுக்குள் வைத்தால் என்ன? – வாசகர், ஜெயங்கொண்டம்

பதில்: பத்து இருபது வரி என்றால் பயன்படும் இடத்திலேயே இருக்கட்டும், படிப்பவர் கோப்பு மாற்றி ஓட வேண்டாம். பக்கக் கணக்கில் நீண்டால் லீடர் சொல்வது சரி. ப்ரோக்ராமுக்குள் மூன்று மேற்கோளில் எழுதும்போது வரிகளுக்கு முன்னால் விழும் இடைவெளிகளைப் பற்றிக் கவலை வேண்டாம், முடிவு மாறாது. ஆனால் ஆரக்கிளில் ஒரு இடைவெளி வேறுபட்டாலும் அதைப் புது க்யூரி என்று மறுபடி அலசும். ஒரே க்யூரியை மூன்று இடத்தில் மூன்று விதமாக எழுதாதீர்கள்.

அடுத்த முறை கேள்வி அனுப்புவோர் க்யூரியை எழுத்தாகவே அனுப்புங்கள். திரையைக் கைபேசியில் படம் பிடித்து அனுப்பினால் இடைவெளி எனக்கும் தெரியாது. ஆண்டிமடம் வாசகருக்கு: க்யூரியோடு டேட்டாபேஸ் பாஸ்வேர்டையும் அனுப்பியிருக்கிறீர்கள். நான் அழித்துவிட்டேன். நீங்கள் இன்றே மாற்றிவிடுங்கள்.