பன்னிரண்டு வயதுப் பெரிய மனிதர்கள்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டியுள்ள இலங்கைத் தமிழர் முகாமில் ஒரு பிள்ளை 12 வயதிலேயே பெரிய மனிதன் ஆகிவிடுகிறான். டாக்டர் சொல்லவில்லை, சோதிடர் சொல்லவில்லை. பணக்கொடைப் பதிவேடு சொல்கிறது. அந்த வயதுக்குக் கீழே இருந்தால் மாதம் 500 ரூபாய். தாண்டிவிட்டால் 1,000. மீசை முளைத்ததா என்று யாரும் பார்ப்பதில்லை. வருவாய்த் துறைப் பேனா ஒரு கோடு போட்டால் போதும்.

சிரித்துக்கொள்ளலாம். ஐநூறு ரூபாய்தானே. இந்தப் பிள்ளைகளின் தலைமுறைக்கு முந்தைய தலைமுறையின் வயதை வைத்து இதைவிடப் பெரிய கணக்கெல்லாம் போட்டிருக்கிறார்கள். துப்பாக்கி தூக்க ஆள் தேவைப்பட்டவன் வயதைக் கூட்டிக்கொண்டான். குண்டு போட்டவனும் கூட்டிக்கொண்டான். கண்ணீர் விடுகிறவன் மட்டும் மேடைக்குத் தக்கபடி குறைத்துக்கொண்டான்.

நம் வீட்டிலிருந்தே ஆரம்பிப்போம். 1989. இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படை மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. வடகிழக்கு மாகாண சபையை நடத்திக்கொண்டிருந்த ஈ.பி.ஆர்.எல்.எஃப். இயக்கத்துக்கு விடுதலைப் புலிகளிடமிருந்து தப்பிக்க ஒரு படை வேண்டும். பெயர் பிரமாதமாக வைத்தார்கள்: தமிழ்த் தேசிய இராணுவம். ஆள்தான் இல்லை. அதனாலென்ன? பஸ்ஸை மறித்தார்கள். தெருவில் போன பையனைப் பிடித்தார்கள். பள்ளிக்கூடப் பையன்களையும் விடவில்லை. அவசரப் பயிற்சி, கையில் இந்தியா கொடுத்த ஆயுதம். அமைதிப்படை ஒவ்வொரு ஊராகக் காலி செய்ய, பின்னாலேயே புலிகள் வந்தார்கள். பிடித்துவரப்பட்ட பிள்ளைகளில் செத்தவர்கள் செத்தார்கள், சரணடைந்தவர்கள் சரணடைந்தார்கள், ஓட முடிந்தவர்கள் ஓடினார்கள். தலைவர்களுக்கு இந்தியாவுக்கு வர வழி இருந்தது.

1990 மார்ச் 24 அன்று அமைதிப்படையின் கடைசிப் படையணி திருகோணமலையிலிருந்து கிளம்பியது. திரும்பி வந்த படையை வரவேற்க முதல்வர் கருணாநிதி சென்னைத் துறைமுகத்துக்குப் போகவில்லை. போயிருக்க வேண்டுமா, கூடாதா என்று இன்றுவரை பட்டிமன்றம் நடக்கிறது. நம் துப்பாக்கியோடு அங்கே விடப்பட்ட பள்ளிக்கூடப் பையன்களைப் பற்றி யாராவது வாய் திறந்தார்களா? அதற்கு ஒரு தலைப்புகூடக் கிடைக்கவில்லை.

பிறகு வந்த புலிகள் ஈ.பி.ஆர்.எல்.எஃப்.காரர்களைத் துரோகி என்றார்கள். பிள்ளை பிடிக்கும் தொழிலை மட்டும் இன்னும் சுத்தமாகச் செய்தார்கள். 1998 மே மாதம் ஐ.நா.வின் சிறப்புப் பிரதிநிதி ஒலாரா ஒட்டுனு புலிகள் பிடியிலிருந்த வன்னிக்கு வந்தார். 17 வயதுக்குக் கீழ் சேர்க்க மாட்டோம், 18 வயதுக்குக் கீழ் களத்துக்கு அனுப்ப மாட்டோம் என்று புலிகள் வாக்குக் கொடுத்தார்கள். 2003-இல் யுனிசெஃபோடு இன்னொரு திட்டம், கிளிநொச்சியில் பிள்ளைகளை விடுவிக்க ஒரு நிலையம், திறப்பு விழா, புகைப்படம். அந்த 2003-இலிருந்து 2008 முடியும்வரை புலிகள் சேர்த்த பிள்ளைகள் என்று யுனிசெஃப் பதிவு செய்தது 6,000-க்கும் மேல். வாக்குக் கொடுத்த பிறகு எண்ணியது இது. அதுவும் பயந்து நடுங்கிய பெற்றோர் வந்து சொன்ன கணக்கு மட்டும்.

போரின் கடைசி ஆண்டுகளில் வீட்டுக்கு ஒருவர் என்றார்கள். பிறகு அந்த ஒருவரும் போதவில்லை. தாய்மார் வீட்டுக்குள் குழி தோண்டிப் பிள்ளைகளை ஒளித்துவைத்தார்கள். கல்யாணமானவர்களைப் பிடிப்பதில்லை என்று கேள்விப்பட்டு, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்கு அவசர அவசரமாகத் தாலி கட்டிவைத்தார்கள். பிறகு தாலியையும் மதிக்கவில்லை. பிடித்துக்கொண்டு போனதும் பெண் பிள்ளையின் தலைமுடியை ஒட்ட வெட்டிவிடுவார்கள். தப்பி ஓடினால் கிராப்பே காட்டிக்கொடுக்கும். பெற்றவள் தப்பி வந்த மகளின் தலையில் துண்டைக் கட்டி, முடி வளரும் வரை விருந்தாளிக்குக்கூடக் காட்டாமல் வைத்திருந்தாள். 2009-இல் போர் முடிந்து முள்கம்பி முகாமுக்குள் வந்தபோது இராணுவக்காரன் முதலில் தேடியதும் அந்தக் கிராப்பைத்தான். விடுதலைக்கு வெட்டிய முடி, விசாரணைக்கு அடையாளமானது.

கொழும்பு என்ன, யோக்கியமா? கிழக்கில் புலிகளின் தளபதி கருணா 2004-இல் அவர்களிடமிருந்து பிரிந்தார். தன்னிடமிருந்த பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினார். பெற்றோர் கண்ணைத் துடைத்து முடிப்பதற்குள் மறுபடி பிடிக்கத் தொடங்கினார். இந்த முறை அரசாங்கத்தின் நிழலில். 2006 நவம்பரில் ஐ.நா. சார்பில் வந்த கனடாக்காரர் ஆலன் ராக், பாதுகாப்புப் படையின் சில பிரிவினர் இதற்குத் துணைபோவதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இருக்கிறது என்று போட்டு உடைத்தார். கொழும்புக்குக் கோபம் வந்தது, ஆதாரத்தின் மேல் அல்ல, ராக்கின் மேல். கருணா பொய்ப் பெயரில் வாங்கிய ராஜதந்திரக் கடவுச்சீட்டோடு லண்டனில் மாட்டி, ஒன்பது மாதத் தண்டனை பெற்றுத் திரும்பினார். 2008-இல் எம்.பி. 2009 மார்ச்சில் மந்திரி. எந்தத் துறை தெரியுமா? தேசிய ஒருமைப்பாடு. மட்டக்களப்பில் பிள்ளையைப் பறிகொடுத்தவள் மனுவை அவரிடமே கொடுத்துக்கொள்ளலாம். பிரிட்டன் 2025 மார்ச்சில்தான் அவர்மீது தடை விதித்தது. நிதானமான நாடு.

2006 ஆகஸ்ட் 14 அன்று வள்ளிபுனம் செஞ்சோலை வளாகத்தில் இலங்கை விமானப்படை குண்டு போட்டு ஐம்பதுக்கும் மேற்பட்ட மாணவிகள் செத்தார்கள். அவர்கள் சிறுவர் படையினர் என்றது அரசாங்கம். போய்ப் பார்த்த யுனிசெஃபும் போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழுவும் அதற்கான தடயம் எதையும் காணவில்லை. செத்த பிறகு ஒரு பிள்ளையைப் படையில் சேர்த்துக்கொள்ளப் பெற்றோர் கையெழுத்துகூட வேண்டாம் போலிருக்கிறது.

உலகம் என்ன சட்டம் வைத்திருக்கிறது? ஐ.நா.வின் 2000-ஆம் ஆண்டு நெறிமுறை. ஆயுதக் குழுக்கள் 18 வயதுக்குக் கீழ் யாரையும் தொடக்கூடாது. சரி. அரசாங்கங்கள்? கட்டாயப்படுத்தக்கூடாது, ஆனால் 16 வயது ஆனவன் தானாக விரும்பி வந்தால் சேர்த்துக்கொள்ளலாம். கருணாவுக்குத் தடை போட்ட பிரிட்டனே 16 வயதுப் பிள்ளைகளைப் படையில் சேர்க்கிறது. அந்த நெறிமுறையை முதலில் ஏற்ற நாடு கனடா. முதல் உலகப் போரில் வயதை ஏய்த்துச் சேர்ந்த சுமார் 20,000 பையன்களை அனுப்பிய நாடும் அதுவே. அவர்களுக்கு நினைவுச்சின்னம், மலர்வளையம். முல்லைத்தீவுப் பிள்ளைக்குப் புனர்வாழ்வு முகாம். அதே கனடாவின் டொரன்டோவில் போருக்குச் சந்தா கொடுத்த சிலர், தம் பிள்ளையின் பள்ளிப் பேருந்து பத்து நிமிடம் தாமதித்தால் போலீசுக்குப் போன் போட்டவர்கள்.

இனி நம் மேடைகள். 2013-இல் புலிகளின் தலைவரின் மகன் பாலச்சந்திரனின் படம் வந்தது. 12 வயது. பங்கரில் உட்கார்ந்து எதையோ தின்றுகொண்டிருக்கிற படம், அடுத்தது மார்பில் குண்டுகளோடு கிடக்கிற படம். தமிழ்நாட்டு மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். வந்திருக்கத்தான் வேண்டும், வராமல் இருந்திருந்தால் நாம் மனிதர்களே இல்லை. ஆனால் ஒரு தலைவரின் மகன் குழந்தை என்று புரிந்த நமக்கு, ஊர்பேர் தெரியாத கூலிக்காரனின் மகள் குழந்தை என்று ஏன் புரியவில்லை? அந்த 6,000 பேரைப் பற்றி எந்த மேடையாவது ஒரு வார்த்தை பேசியதா? பேசினால் கைதட்டல் நின்றுவிடும். வீட்டுக்கு ஒருவரை வன்னியில் மெச்சியவர்கள் தங்கள் வீட்டு ஒருவரை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினார்கள். மறுவருடம் இன்னொருவரைத் தேர்தலுக்கு.

பிள்ளைகளைக் குழியில் ஒளிக்க வேண்டியிருந்த அந்த மண்ணிலிருந்து படகேறி வந்தவர்களின் பிள்ளைகள் இன்று கும்மிடிப்பூண்டியில் இருக்கிறார்கள். சிப்காட் தூசி கூரையில் படிகிறது. பட்டம் வாங்கியவன் பெயின்ட் வாளி தூக்குகிறான். முகாமில் ஆள் சரிபார்க்கும் செக்கிங் நாளில் வேலைக்குப் போகாமல் வரிசையில் நின்று முகத்தைக் காட்டுகிறான். போலீசின் கியூ பிரிவுக்கு அவன் என்றைக்கும் சந்தேகப் பேர்வழி. 2021-இல் அகதிகள் முகாம் மறுவாழ்வு முகாம் ஆனது. பலகை மாற்ற ஒரு நாள் போதும். குடியுரிமைக்கு? 2019 சட்டத்திருத்தம் மூன்று நாடுகளைத் தேடிப் பிடித்துச் சேர்த்தது. இலங்கை மட்டும் தட்டுப்படவில்லை.

இந்தியப் படையில் அக்னிவீராகச் சேர 17½ வயது போதும். விதிப்படி நேபாளத்துக் கூர்க்காவும் சேரலாம். கும்மிடிப்பூண்டியில் பிறந்து, கும்மிடிப்பூண்டியில் படித்து, நம்மைவிட நன்றாகத் தேசிய கீதம் பாடுகிறவன் சேர முடியாது. ஒரு காலத்தில் அவன் இனத்துப் பள்ளிக்கூடப் பையன் கையில் துப்பாக்கி திணிக்க இந்தியா ஊர், பேர், தாய்நாடு எதையும் விசாரிக்கவில்லை.

தேர்தல் வந்தால் கும்மிடிப்பூண்டி பஜாரில் ஈழத்துக்காக உயிரையே கொடுக்கத் தயார் என்று ஒருவர் கட்டாயம் முழங்குவார். முகாம் பக்கத்திலேயேதான் இருக்கிறது. பிரசார வேன் உள்ளே திரும்பாது. அங்கே ஓட்டு கிடையாது.