அஸ்தினாபுரத்துக்குக் குடி வர்ற தம்பிக்கு

வாடகைக்கு வீடு தேடிகினு சுத்தறியாமே தம்பி. நல்லது. வீடு பாக்கறது அப்பால இருக்கட்டும். எந்த ஊருன்னு கேட்டா யாருக்கு இன்னா பதில் சொல்றதுன்னு மொதல்ல கத்துக்கோ. பொண்ணு வீட்டுக்காரங்க கேட்டா "மெட்ராஸ்"னு சொல்லு. பின்கோடு 600-லதான் ஆரம்பிக்குது, அதுல பொய்யே கெடையாது. ஆபீசுக்கு லேட்டாப் போனா, "தாம்பரம் கார்ப்பரேஷன் சார், அங்கேர்ந்து வரணுமே"ன்னு மூச்சு வாங்கிகினே சொல்லு, மேனேஜரு மனசு எளகிடுவான். ஆஸ்பத்திரியில காட்டணும், ஒரு வாரம் தங்கிக்கறோம்னு ஊர்லேர்ந்து சித்தப்பா போன் பண்ணாரா? "நாங்க மெட்ராஸ்ல எங்க சித்தப்பா இருக்கோம், செங்கல்பட்டு மாவட்டமாச்சே"ன்னு இழு. மூணும் சத்தியம். அசுவத்தாமன் செத்தான்னு தருமரு பாதி உண்மையச் சொல்லித்தான் துரோணர சாய்ச்சாரு. நம்ம கையில முழு உண்மையே மூணு இருக்குது.

மாவட்டம்னதும் சொல்லிடறேன். நான் இந்தத் திண்ணைய விட்டு எங்கயும் போவல. பொறந்தது செங்கல்பட்டு ஜில்லா. 1997-ல நீ காஞ்சிபுரத்தான்னு சொன்னாங்க. சரின்னேன். 2019 நவம்பர்ல, இல்ல இல்ல நீ செங்கல்பட்டுதான்னாங்க. அதுக்கும் சரின்னேன். 2021-ல பல்லாவரம், தாம்பரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம்னு அஞ்சு நகராட்சி, சிட்லபாக்கம், மாடம்பாக்கம்னு அஞ்சு பேரூராட்சி, எல்லாத்தையும் ஒண்ணாக் கட்டி தாம்பரம் மாநகராட்சின்னு போர்டு வெச்சாங்க. எழுபது வார்டு. மறு வருஷம் எலெக்ஷன் வெச்சு மேயரும் வந்தாச்சு. போலீசுக்குத் தனியா கமிஷனர் ஆபீசு. பல்லாவரம் நகராட்சியில படுத்தவன் மாநகராட்சியில எழுந்துக்கிறேன், கொசு மட்டும் பழைய உத்தியோகத்துலயே இருந்து கடிக்குது. சொத்து வரியப் பத்தி நான் வாயத் தொறக்க மாட்டேன். பிரஷர் மாத்திரை சாப்பிடறவன்.

ரயில் பக்கத்துலன்னு புரோக்கர் சொல்லியிருப்பானே? பீச்சுலேர்ந்து தாம்பரத்துக்கு 1931-லயே கரண்ட் ரயில் விட்டுட்டுப் போயிட்டான் வெள்ளைக்காரன். அந்த வழியில கொறையே சொல்ல முடியாது. குரோம்பேட்டை ஸ்டேஷன்ல எறங்கி உன் வீட்டு வாசலுக்கு வர்றே பாரு, அதுதான் யாத்திரை. ராஜேந்திர பிரசாத் ரோட்டுல ஷேர் ஆட்டோக்காரன் "ஒருத்தர்தான், ஒருத்தர்தான்"னு கூவுவான். நீ போய் உக்காந்ததும் வண்டி கெளம்பும்னு நெனப்ப. இன்னும் ஒருத்தர்தான்னு அடுத்த ஆளக் கூப்புடுவான். தீபாவளி, பொங்கலுக்கு முந்தின நாள் ஜி.எஸ்.டி. ரோட்டப் பக்கம் எட்டிப் பாக்காத. தெற்கத்திக்காரங்க அத்தினி பேரும் அந்த ஒரு ரோட்டுலதான் போவாங்க. 2023 டிசம்பர் கடைசியில கிளாம்பாக்கத்துல பஸ் ஸ்டாண்டத் தொறந்து அவங்கள நம்ம பக்கமா இன்னும் கொஞ்சம் கூட்டியாந்து விட்டாங்க. அதுல உனக்கு லாபமா நட்டமான்னு வர்ற பொங்கலுக்கு நின்னு பாத்துக்கோ.

இப்ப விஷயத்துக்கு வரேன். மாநகராட்சின்னு போர்டு இருக்குதேன்னு, நம்மள யாருக்கும் தெரியாதுன்னு மட்டும் நெனச்சுடாத. போர்டுதான் பெருசு, தெரு சின்னதுதான். முக்குல இஸ்திரி வண்டி போட்டிருக்காரே, அவரு கிட்ட உன் ஜாதகமே இருக்கும். வாரத்துக்கு ஆறு சட்டை வந்துகினு இருந்தது ரெண்டாச்சுன்னா, பையன் வீட்டுலேர்ந்தே வேல பாக்கறான். சட்டை மட்டும் வருது, பேண்ட் வரலன்னா, கம்ப்யூட்டர்ல மூஞ்சி காட்டற உத்தியோகம், இடுப்புக்குக் கீழ லுங்கி. ரெண்டும் வரலன்னா வேல போயிடுச்சு. ஒரே வாரத்துல மூணு புதுச் சட்டை வந்தா இன்டர்வியூவுக்குப் போறான், இல்லன்னா பொண்ணு பாக்கப் போறான். எதுன்னு பட்டுப் புடவை வருதான்னு பாத்துக் கண்டுபிடிச்சுடுவாரு. அவரு யாரு கிட்டயும் போய்ச் சொல்ல மாட்டாரு, ரொம்ப மரியாதைப்பட்ட ஆளு. கேட்டா மட்டும் சொல்லுவாரு. கேக்கறதுக்குத்தான் நாங்க இருக்கோமே.

மளிகைக் கடைக்காரரு அதுக்கும் மேல. கருப்பட்டி வாங்கினியா, வீட்டுல யாருக்கோ சக்கரை. ஒடச்ச கடலை, வெல்லம், நெய்னு சீட்டு நீளுதா, விருந்தாளி. கூகுள் பேயில குடுத்துட்டுக் கமுக்கமாப் போயிடலாம்னு பாக்காத. "முந்நூத்தி நாப்பது ரூபாய் பெறப்பட்டது"ன்னு கல்லா மேல இருக்கற டப்பா ஊருக்கே கத்தும். முன்னாடி கடைக்காரரு காதுல மட்டும் விழும், இப்ப கியூவுல நிக்கற எட்டுப் பேருக்கும் விழுது. முன்னேற்றம்!

கோவப்படாத தம்பி. நீ மூணு நாளு கதவத் தொறக்கலன்னா மொதல்ல தட்டறதும் அந்த இஸ்திரிக்காரருதான். அடையாறுல நீ முப்பது நாளு தொறக்காம கெடந்தாலும் செக்யூரிட்டி சல்யூட் அடிச்சுட்டு நிப்பான்.

தண்ணி. இதக் கவனமாக் கேளு. இந்தப் பக்கம் எல்லாமே ஏரிக்குக் கீழ இருந்த நெலம். நெமிலிச்சேரி, சிட்லபாக்கம், செம்பாக்கம், எல்லாம் ஏரி வெச்ச ஊருங்க. நாத்து நட்ட எடத்துலதான் இப்ப நீ கார் பார்க்கிங் இருக்குதான்னு கேக்கற. மனுசன் பட்டா மாத்திக்குவான், தண்ணிக்கு மாத்தத் தெரியாது, பழைய வழியிலதான் வரும். 2015 டிசம்பர் மொத வாரம் தாம்பரத்துல ஒரே நாள்ல 49 சென்டிமீட்டர் கொட்டிச்சு. செம்பரம்பாக்கம் ஏரியப் பத்தியே டீவியில பேசிகினு இருந்தாங்க, நம்ம பக்கம் கட்டிலத் தூக்கி மேஜை மேல வெச்சுட்டு மொட்ட மாடியில உக்காந்திருந்தாங்க.

நம்ம ஊருக்குப் பேரு எங்கேர்ந்து வந்துது? பாரதத்துலேர்ந்து. அந்த அஸ்தினாபுரத்துக் கதி இன்னான்னு தெரியுமா? கோயில்ல ஒரு ரிட்டயர்டு வாத்தியாரு சொன்னாரு. பாண்டவரு வம்சத்துல பின்னாடி வந்த ராஜா காலத்துல கங்கை பொங்கி ஊரையே அடிச்சுகினு போயிடுச்சாம். தலைநகரத்தக் கௌசாம்பிக்கு மாத்திக்கிட்டாங்கன்னு புராணம் சொல்லுதாம். 1950-லேர்ந்து ரெண்டு வருஷம் மீரட் பக்கம் பி.பி. லால்னு ஒரு அதிகாரி தோண்டிப் பாத்தாரு, பழைய வெள்ளத்துத் தடயம் கெடச்சுதுன்னு எழுதி வெச்சாரு. துரியோதனன் இந்திரப்பிரஸ்தத்துல போய் தரைன்னு நெனச்சு தண்ணியில கால வெச்சு விழுந்தான். அவன் நம்ம ஊருக்காரன்தானே? கார்த்திகை மாசம் நீயும் ஒரு தரம் விழுவ. விழுந்தா பாஞ்சாலி சிரிப்பா. சண்டைக்குப் போவாத, அதுல பதினெட்டு நாள் வேஸ்ட்டாப் போச்சு.

அதனால வீட்டப் பங்குனி வெயில்ல போய்ப் பாக்காத, ஐப்பசி அடமழையில போ. வாசப்படிய எண்ணு. ரோட்டு மேலயே ரோட்டப் போட்டுப் போட்டு, அந்தக் காலத்துல நாலு படி ஏறிப் போன வீட்டுக்கு இப்ப ரெண்டு படி எறங்கிப் போவணும். காசு இருக்கறவங்க வீட்டுக்கு அடியில ஜாக்கி குடுத்து முழு வீட்டையும் மூணடி, நாலடி தூக்கறாங்க. தூக்கின வீட்டுத் தண்ணி தூக்காத வீட்டுக்குப் போவும். அடுத்த வருஷம் அவனும் தூக்குவான். சும்மா இருக்கற மூணாவது வீட்டுக்காரன்தான் கடைசியில ஏரிக்கு வாரிசு.

தண்ணி வருமான்னு கேட்டா யாரும் ஆமான்னு சொல்ல மாட்டாங்க. "எங்க தெருவுல வராதுப்பா, பக்கத்துத் தெருவுலதான்"னு சொல்லுவாங்க. பக்கத்துத் தெருவுக்குப் போய்க் கேளு, இந்தத் தெருவக் கையக் காட்டுவாங்க. எத்தினி தெரு போனாலும் அதே பதில்தான். நாடார் கடையில நின்னு, "2015-ல அரிசி மூட்டைய எந்தத் தட்டு வரைக்கும் ஏத்தினீங்க அண்ணாச்சி?"ன்னு கேளு. யாவாரி மூட்டைக் கணக்குல பொய் சொல்ல மாட்டாரு.

எடத்துச் சண்டையில மட்டும் தலையிடாத. ஊசி முனை எடங்கூடத் தர மாட்டேன்னு துரியோதனன் சொன்னது ஒரு தடவைதான், இங்க வாரத்துக்கு ஒரு தடவ கேக்கலாம். காம்பவுண்டு செவுத்துக்கு அரை அங்குலம், மேல நீட்டிகினு இருக்கற சன் ஷேடுக்கு ஒரு அடி, மாமரத்துக் கெளைக்கு எவ்வளவுன்னு கோர்ட்டுலதான் தெரியும். ரெண்டு பக்கமும் உன்னக் கிருஷ்ணன் மாதிரி தூது அனுப்பப் பாப்பாங்க. போவாத. கிருஷ்ணன் போயே ஒண்ணும் நடக்கல. காபி குடுத்தா மட்டும் ரெண்டு வீட்டுலயும் குடி, சக்கரை கம்மியா.

வாடகை, அட்வான்ஸ் எல்லாம் புரோக்கர் சொல்றத நம்பாத, அவனுக்கு ஒரு மாச வாடகை கமிஷன். நேரா வீட்டுக்காரனப் பாத்துப் பேசு. ஏன்னா பாரு, எங்க வீட்டு மாடியிலயே ஒரு போர்ஷன் காலியாத்தான் இருக்குது. ரெண்டு ரூம், நல்ல காத்து, மொட்ட மாடியிலேர்ந்து ஏரோப்ளேன் எறங்கறது தெரியும். கல்யாணம் ஆச்சா? சொந்த ஊரு எது? அப்பா இன்னா பண்றாரு? பேச்சுலர்னா அஞ்சாயிரம் கூட. கறி சமைப்பியா? சமைச்சா ஞாயித்துக்கெழம எனக்கும் ஒரு கிண்ணம், கெழவிக்குத் தெரியாம.

தண்ணியா? சேச்சே, எங்க தெருவுல வராதுப்பா. பக்கத்துத் தெருவுலதான்.