அண்ணனூர் வழக்கில் கல்யாண ஆங்கிலம்: ஓர் ஆய்வு

கல்யாணம் முடியும் வரை பேசப்படுவது ஆங்கிலம். முடிந்தபின் பேசப்படுவது தமிழ். அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவே, மின்சார ரயில் பணிமனையை அடுத்து வாழும் அண்ணனூர்வாசிகளிடம் இவ்விதி பெரும்பாலும் பிசகுவதில்லை. 'கமிட்டெட்', 'லவ் மேட்டர்' எல்லாம் முதல் கட்டம். பெற்றோர் இறங்கிவந்தால் அது 'லவ் கம் அரேஞ்ச்டு' ஆகும். நடுவில் நிற்கும் 'கம்' லத்தீன் சொல். பெரியப்பாக்களின் வாயை அடைக்க அதுவே போதும்.

வீட்டார் பார்த்த வரன் 'அலையன்ஸ்'. இங்கிலாந்தில் இச்சொல் பெரும்பாலும் நாடுகளின் கூட்டணியைக் குறிக்கும். சீர்வரிசைப் பேச்சில் உட்கார்ந்து எழுந்தவர்கள் இதில் பொருள்மாற்றம் எதையும் காணமாட்டார்கள். 'உட்பி'யின் ஆயுள் நிச்சயதார்த்தத்திலிருந்து தாலி வரை. மறுநாளே அவர் 'எங்க வீட்டுக்காரர்'.

சிக்கல் உறவுமுறையில்தான். லண்டன் ஆங்கிலம் மச்சான், கொழுந்தன், சகலை அனைவரையும் 'பிரதர் இன் லா' என்று ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறது. சகலைக்கு 'கோ பிரதர்', ஓரகத்திக்கு 'கோ சிஸ்டர்' என்று தென்னிந்தியர்கள் தாங்களே செய்துகொண்டார்கள். 1871இல் உறவுமுறைகளைத் தொகுத்து நூல் வெளியிட்ட அமெரிக்கர் லூயிஸ் மார்கன், தமிழர் முறையும் நியூயார்க் பகுதிச் செனகா பழங்குடியினர் முறையும் ஒத்திருப்பதைக் கண்டு வியந்தார். திராவிட உறவுச்சொற்களின் அடிப்படையே கல்யாணம்தான் என்றார் பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோன், 1953இல். அத்தை மகன் கட்டிக்கொள்ளும் முறை. சித்தப்பா மகன் அண்ணன் முறை. ஆங்கிலத்துக்கு இருவரும் வெறும் 'கசின்'.

ஆகவே 'கசின் பிரதர்' என்பதைப் பிழையென்று சிவப்பு மையால் சுழிக்கும் ஆசிரியர்கள் விஷயம் அறியாதவர்கள். 'பைக்ல வந்தது யாரும்மா?' என்று வருங்கால மாமியார் கேட்கையில், 'கசின், ஆன்ட்டி' என்றால் பாதி பதில்தான். 'கசின் பிரதர்' என்றால் காபி வரும். அத்தை மகனையும் அப்படியே சொல்லிவிடுவது உண்டு. அது இலக்கண வழுவன்று, தற்காப்பு. 'அண்ணா' என்ற ஒரே விளியில் காதல் விண்ணப்பங்கள் தள்ளுபடியாகும் நாட்டில், ஊர்ப்பெயரிலேயே அண்ணனைச் சுமக்கும் இளைஞர்களின் நிலை தனி ஆய்வுக்குரியது.

இனி எஞ்சுவது படிவங்கள். உறவு என்ற கட்டத்தில் சகலைக்கு இடமில்லாதபோது 'பிரண்ட்' என்று எழுதிவிடுவோர் உண்டு. சம்பந்தப்பட்ட சகலைகளுக்கு அது புதிய செய்தி.