கஞ்சனைப் பற்றி எழுதியவர் கணக்குப் பார்த்த கதை

1843-இல் சார்லஸ் டிக்கன்ஸுக்கு வயது 31. லண்டனில் அவர் பெயரைக் கேள்விப்படாதவர்கள் கைக்குழந்தைகள் மட்டும்தான். 'பிக்விக் பேப்பர்ஸ்' மாதம் 40,000 பிரதி வரை போயிருந்தது. 'ஓல்ட் க்யூரியாசிட்டி ஷாப்' வாரத்துக்கு ஒரு லட்சத்தை நெருங்கியிருந்தது. அப்பேர்ப்பட்டவர் அப்போது எழுதிக்கொண்டிருந்த தொடர்கதை 'மார்ட்டின் சஸில்விட்' மட்டும் 20,000-க்கு மேல் நகரமாட்டேன் என்று முரண்டு பிடித்தது. நம்மூரில் ஒரு நாவல் 20,000 பிரதி விற்றால் பதிப்பாளர் வாசலில் நின்று வரவேற்பார். லண்டனில் அதற்குப் பெயர் சரிவு.

பதிப்பாளர்கள் சாப்மன் அண்ட் ஹால். ஒப்பந்தத்தில் எங்கோ ஒரு மூலையில் ஒரு ஷரத்து ஒளிந்திருந்தது: விற்பனை போதாவிட்டால், ஆசிரியருக்கு மாதாமாதம் தரும் 200 பவுண்டில் 50 பவுண்டைப் பிடித்துக்கொள்ளலாம். ஹால் அதை ஒருநாள் பேச்சுவாக்கில் ஞாபகப்படுத்திவிட்டார். டிக்கன்ஸுக்கு உச்சந்தலையில் ஏறியது கோபம். வீட்டு நிலவரமோ, நாலு குழந்தைகள், ஐந்தாவது வயிற்றில். போதாக்குறைக்கு அப்பா ஜான் டிக்கன்ஸ். மகன் பேரைச் சொல்லிக் கடன் வாங்குவதையே ஒரு தொழிலாகச் செய்துவந்தவர். 'வேறு யார் வாங்கும் கடனுக்கும் நான் பொறுப்பில்லை' என்று 1841-இல் மகன் பத்திரிகைகளில் அறிவிப்புக் கொடுக்கவேண்டிய அளவுக்குச் சிறப்பாகச் செய்தார்.

அக்டோபரில் மான்செஸ்டருக்கு ஒரு கூட்டத்தில் பேசப் போனார் டிக்கன்ஸ். ஏழைக் குழந்தைகளின் கதியைப் பற்றித் துண்டுப்பிரசுரம் போடும் யோசனை முன்பே இருந்தது. துண்டுப்பிரசுரத்தை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? கதையாகவே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தார். ஆறே வாரம். ராத்திரி லண்டன் தெருக்களில் பதினைந்து, இருபது மைல் நடந்தார். அழுதார், சிரித்தார், மறுபடி அழுதார். ஸ்க்ரூஜ் என்ற கடைந்தெடுத்த கஞ்சன், கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு மூன்று ஆவிகளிடம் மாட்டிக்கொண்டு, விடிவதற்குள் வள்ளலாகிற 'எ கிறிஸ்துமஸ் கரோல்' ரெடி.

பதிப்பாளர்கள்மேல்தான் கோபமாயிற்றே. செலவெல்லாம் என்னுடையது, லாபமும் என்னுடையது, நீங்கள் அச்சடித்து விற்றுக் கமிஷனை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். உலகப் புகழ்பெற்ற நாவலாசிரியர் கைக்காசைப் போட்டுப் புத்தகம் போடக் கிளம்பிவிட்டார்.

ஒரு பழைய சங்கதி. பன்னிரண்டு வயதில், அப்பா கடனுக்காக ஜெயிலில் இருந்த காலத்தில், இந்த டிக்கன்ஸ் தேம்ஸ் கரையோரம் எலிகள் ஓடும் ஒரு ஷூ பாலிஷ் கம்பெனியில் வேலை பார்த்தார். டப்பா வாயைத் தாளால் மூடிக் கட்டி, லேபிள் ஒட்டுவதுதான் வேலை. வாரக்கூலி ஆறோ ஏழோ ஷில்லிங். அவர் கண்ணை மூடி, நண்பர் ஃபார்ஸ்டர் வாழ்க்கை வரலாறு எழுதிய பிறகுதான் ஊருக்கே இது தெரியவந்தது. ஆனால் எனக்கென்னவோ 1843 டிசம்பரில் அந்த லேபிள் பையன் முழு மூச்சாக வெளியே வந்துவிட்டான் என்று தோன்றுகிறது. பண்டம் இருக்கட்டும், டப்பா ஜொலிக்கவேண்டும்.

சிவப்புத் துணி பைண்டிங், அட்டையில் தங்க எழுத்து, தாள் விளிம்பிலும் தங்கம். ஜான் லீச் வரைந்த நாலு வண்ணப் படங்கள். ஒவ்வொரு பிரதிக்கும் கையால் வண்ணம் தீட்டியாகவேண்டும். முதலில் வந்த மாதிரிப் பிரதியில் அட்டையின் உட்பக்கத் தாள் பச்சை. டிக்கன்ஸ் தொட்டுப் பார்த்தார். பச்சை விரலோடு வந்துவிட்டது. தலைப்புப் பக்கத்தில் இருந்த பச்சையும் சோகை பிடித்த மாதிரி இருந்தது. மாற்று! உட்பக்கத்துக்கு மஞ்சள், தலைப்புக்குச் சிவப்பும் நீலமும். வெளியீட்டுக்கு இரண்டு நாள் முன்னால்தான் பிரதிகள் கைக்கு வந்தன. சொந்தமாகப் புத்தகம் போட்டவர்கள் இந்த இடத்தில் ஒரு நிமிடம் நிறுத்திப் பெருமூச்சு விட்டுக்கொள்ளலாம். அடுத்தவன் காசில் போடும்போது பச்சை ஒட்டினால் நாம் கவனிப்பதே இல்லை.

இவ்வளவு ஜோடனைக்கும் விலை ஐந்து ஷில்லிங். கதைக்குள் ஸ்க்ரூஜின் குமாஸ்தா பாப் க்ராட்சிட்டுக்கு வாரச் சம்பளம் பதினைந்து ஷில்லிங். அதாவது, அந்தப் பரம ஏழையின் கஷ்டத்தைப் படித்து நாம் கண்கலங்கவேண்டும். அவன் படிக்க ஆசைப்பட்டால் வாரச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கொண்டுவந்து வைக்கவேண்டும். குழந்தைகளுக்கு ஒருநாள் வாத்துக்கறி கிடைக்காமல் போகும், பரவாயில்லை.

டிசம்பர் 19-இல் புத்தகம் வந்தது. கிறிஸ்துமஸுக்குள் 6,000 பிரதியும் காலி. லண்டன் மொத்தமும் ஸ்க்ரூஜுக்காக அழுதது. டிக்கன்ஸ் வீட்டில் கொண்டாட்டம், நடனம். எப்படியும் ஆயிரம் பவுண்ட் தேறும் என்று மனக்கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

பிறகு நிஜக்கணக்கு வந்தது. அச்சு, தாள், பைண்டிங், வண்ணம் தீட்டிய கூலி, விளம்பரம், கமிஷன். எல்லாம் போக மிச்சம் 230 பவுண்ட்.

அன்றிரவு மனுஷன் தூங்கவில்லை. காய்ச்சல் கண்டு படுத்துவிடுவோம் என்றே பயந்துபோனதாக ஃபார்ஸ்டருக்குக் கடிதம் எழுதினார். பத்திரிகைகளில் ஒழுங்காக விளம்பரம் கொடுக்கவில்லை என்று வக்கீல் நண்பர் மிட்டனிடம் புலம்பினார். தன்னை வழிக்குக் கொண்டுவரத்தான் பதிப்பாளர்கள் செலவை வேண்டுமென்றே ஏற்றிக் காட்டிவிட்டார்கள் என்றும் சந்தேகப்பட்டார். மஞ்சள் தாள் கேட்டது யார் என்று அவர்களும் திருப்பிக் கேட்டிருக்கலாம். பணத்தைக் கட்டிக்கொண்டு அழாதே என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்த புத்தகம், எழுதியவரை நட்டநடு ராத்திரியில் பைசா பைசாவாகக் கணக்குப் பார்க்கவைத்தது.

அதோடு விட்டதா? ஜனவரி முதல் வாரத்தில் ஒரு பத்திரிகை கரோல் கதையை அப்படியே சுருக்கி இரண்டு பென்ஸுக்கு விற்க ஆரம்பித்தது. ஐந்து ஷில்லிங் என்றால் 60 பென்ஸ். ஒரிஜினல் ஒன்றின் விலைக்குத் திருட்டுப் பிரதி முப்பது. தங்க விளிம்பு கிடையாது, அவ்வளவுதான். டிக்கன்ஸ் கோர்ட்டுக்குப் போனார். எதிர்த்தரப்பு வாதம் அபாரம்: நாங்கள் திருடவில்லை, கதையை மேம்படுத்தியிருக்கிறோம், க்ராட்சிட்டின் மகன் சின்ன டிம் பாடுகிறான் என்று மட்டும் சொல்லி ஆசிரியர் விட்டுவிட்டார், பாவம், அந்தப் பாட்டையே நாங்கள்தான் எழுதிச் சேர்த்தோம். நீதிபதி மசியவில்லை. டிக்கன்ஸுக்கு ஜெயம்.

கேஸில் தோற்றவன் கோர்ட்டிலேயே அழுவான், ஜெயித்தவன் வீட்டுக்குப் போய் அழுவான் என்பார்கள். திருட்டுக் கோஷ்டி உடனே திவால் நோட்டீஸ் கொடுத்தது. நஷ்ட ஈடு பூஜ்யம். செலவு 700 பவுண்ட் டிக்கன்ஸ் தலையில் விழுந்தது. வந்த லாபம் 230, அதைக் காப்பாற்ற ஆன செலவு 700. இந்த வயிற்றெரிச்சல் வீண்போகவில்லை. தலைமுறை தலைமுறையாக நடந்து, கடைசியில் சொத்து முழுவதையும் வக்கீல் செலவே விழுங்கிவிடும் ஒரு வழக்கை வைத்து, பிற்பாடு 'ப்ளீக் ஹவுஸ்' என்று ஒரு தடித்த நாவல் எழுதினார்.

அப்போதைக்குப் பதிப்பாளர்களை மாற்றினார். சிக்கனமாக இருக்கலாமென்று குடும்பத்தோடு இத்தாலிக்குக் குடிபோனார். அங்கிருந்து அடுத்த கிறிஸ்துமஸ் புத்தகத்தை எழுதி முடித்துவிட்டு, டிசம்பர் குளிரில் தனியாக லண்டன் வந்தார். எதற்கு? ஃபார்ஸ்டர் வீட்டில் பத்துப் பேரைக் கூட்டி வைத்து வாசித்துக் காட்ட. அந்தக் காட்சியை ஓவிய நண்பர் மக்லீஸ் வரைந்தார். சுற்றிலும் கண்ணீரும் கம்பலையுமாக நண்பர்கள். நடுவில் டிக்கன்ஸ், தலையைச் சுற்றி சாமி படத்தில் போடுகிற ஒளிவட்டம்.

தன் குரலுக்கு ஜனம் அழும் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. 1853-இல் பர்மிங்ஹாமில் தர்மத்துக்காக மேடையேறிக் கரோலை வாசித்தார். 1858 முதல் டிக்கெட் போட்டு, சொந்த வரும்படிக்கே வாசித்தார். ஒரு கனவானுக்கு இது அழகா என்று ஃபார்ஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார். கனவான் மேஜையைக்கூடத் தானே திட்டம்போட்டுச் செய்துகொண்டு ஊர் ஊராகக் கிளம்பிவிட்டார்.

உச்சம் அமெரிக்கா. அந்த நாட்டுப் பதிப்பாளர்கள் அவர் புத்தகங்களைக் காலணா கொடுக்காமல் அச்சடித்துத் தள்ளியவர்கள். 1842-இல் போய் நியாயம் கேட்டதற்குப் பத்திரிகைகளில் திட்டு வாங்கிக்கொண்டு வந்தார். 1867 நவம்பரில் மறுபடி போய் 76 தடவை வாசித்தார். தீராத சளி, சாப்பாடு இறங்கவில்லை. காலை ஏழு மணிக்கு ஒரு டம்ளர் பாலேட்டில் இரண்டு ஸ்பூன் ரம்; பன்னிரண்டுக்கு ஷெர்ரி; மூன்றுக்கு ஷாம்பெய்ன்; மேடையேற ஐந்து நிமிடம் இருக்கும்போது ஷெர்ரியில் அடித்துக் கலக்கிய முட்டை. இந்தப் பத்தியத்தில் அவர் சம்பாதித்தது சுமார் 19,000 பவுண்ட். ஓசியில் படித்த தேசமே வரிசையில் நின்று டிக்கெட் வாங்கியது. புத்தகம் தராததைத் தொண்டை தந்தது. உடம்பையும் சேர்த்து வாங்கிக்கொண்டது.

1870 மார்ச் 15, லண்டன் செயின்ட் ஜேம்ஸ் ஹால். கடைசி மேடை. கரோல் வாசித்தார். கூட்டம் தேம்பியது. விடைபெறும் உரை இரண்டு மூன்று நிமிடம்தான். அந்தச் சந்துக்குள்ளும், இன்னும் இரண்டே வாரத்தில் என்னை உங்கள் வீட்டிலேயே படிக்கலாம் என்று புதுத் தொடர்கதைக்கு ஒரு விளம்பரத்தைச் செருகிவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டே ஜனம் அதையும் கேட்டுக்கொண்டது. 'எட்வின் ட்ரூட் மர்மம்', மொத்தம் பன்னிரண்டு மாதம், மாதம் ஒரு ஷில்லிங். ஜூன் 9-இல் டிக்கன்ஸ் இறந்தபோது ஆறு மாதத்துக்குத்தான் எழுதியிருந்தார். மர்மம் என்ன என்று தெரிந்துகொள்ளக் காசு கொடுத்த யாருக்கும் இன்றுவரை பதில் கிடைக்கவில்லை.