நோயாளிகள் ஏறிய மலை

நீலகிரி என்றாலே எல்லாரும் ஊட்டியைத்தான் சொல்வார்கள். ஆனால் சமவெளிக் காய்ச்சலில் துவண்ட வெள்ளைக்காரர்கள் உடம்பு தேற முதலில் ஏறிப்போனது கோத்தகிரிப் பக்கம்தான். 1819 ஜனவரியில் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறி, கோத்தகிரியை அடுத்த திம்பட்டியில் முகாம் போட்டார். மே மாதமே அங்கே வீடு கட்டத் தொடங்கிவிட்டார். சிறுமுகையிலிருந்து திம்பட்டிக்கு வெட்டிய பாதை 1823 மே மாதம் முடிந்தது. பாதை வந்து சேர்ந்தது. வெட்டச் சொன்னவர் அதற்குள் ஊட்டியில் ஸ்டோன் ஹவுஸ் கட்டிக்கொண்டு நகர்ந்துவிட்டார். ஏரி, கவர்னர், பணம் எல்லாம் அவர் பின்னாலேயே போயின. 1899-இல் குன்னூருக்கும் 1908-இல் ஊட்டிக்கும் ரயில் ஏறியது. கோத்தகிரிக்கு இன்றுவரை ரயில் கிடையாது.

அந்தக் கோத்தகிரியில்தான் என் சித்தப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். பெண்ணாடத்தில் அக்கினி நட்சத்திரம் கொளுத்தும்போது, வெள்ளாற்று மணலில் கால் வைக்க முடியாது. பரீட்சை முடிந்ததும் எங்களை மலைக்கு அனுப்பிவிடுவார்கள். "மலைக்காத்து ஒடம்புக்கு நல்லதுடா, நல்லா இழுத்து விடு" என்பார் சித்தப்பா. சல்லிவன் நம்பியதும் அதைத்தான்.

ஒருமுறை அப்பாவும் வந்திருந்தார். விருத்தாசலத்தில் செராமிக் சூளையில் வேலை அவருக்கு. பக்கத்து வீட்டுப் படுகர் பாட்டி அடுக்களையில் கரிபிடித்த மண்சட்டி ஒன்று இருந்தது. அப்பா அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். விளிம்பில் விரல்முட்டியால் தட்டி, காதோரம் வைத்துக் கேட்டார். "நல்லா வெந்திருக்கு, யார் கை?" என்றார். கோத்தர் வீட்டுப் பெண்கள் செய்தது என்று பாட்டி சொன்னார். சட்டி, கத்தி, மண்வெட்டி எல்லாம் கோத்தர்கள் செய்து கொடுப்பார்களாம். படுகர்கள் தானியம் அளப்பார்களாம்.

கோத்தகிரியின் வரலாற்றை சல்லிவனிடமிருந்து தொடங்குவது எனக்கு உறுத்துவது அந்தச் சட்டியால்தான். அவர் ஏறி வந்தபோது மலை காலியாக இல்லை. தோடர், கோத்தர், படுகர், இருளர், குறும்பர் எல்லாரும் ஒருவரை ஒருவர் சார்ந்து வாழ்ந்துகொண்டிருந்தார்கள். நிலம் தோடர்களுக்கே உரியது என்று அரசாங்கத்திடம் வாதாடியவர் சல்லிவன். அதற்காக அவர்மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனாலும் அவர் திறந்துவிட்ட வழியில்தான் தோட்டங்கள் வந்தன, புல்வெளிகள் போயின. கோத்தகிரிக்குப் பக்கத்தில் கன்னேரிமுக்கில் பாழடைந்து கிடந்த அவர் பங்களாவை 2000-களின் தொடக்கத்தில் புதுப்பித்து அருங்காட்சியகம் ஆக்கினார்கள். நல்ல காரியம். கோத்தப் பெண்களின் கைவேலையைத் தேடி யார் போகிறார்கள்? பாட்டியின் மருமகள் சமைப்பது அலுமினியத்தில்.

சித்தப்பாவுக்கு இப்போது இதயத்தில் அடைப்பு. மாத்திரையை மாற்றவும் சோதனைக்கும் அவர் கோயம்புத்தூருக்கு இறங்குகிறார். நோய் தீர மனிதர்கள் ஏறிய அதே மலைச்சரிவில், நோய் தீர இன்று இறங்குகிறார்கள். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் மழை கொட்டி, நீலகிரி எங்கும் மண் சரிந்ததே, அதிலிருந்து மழைக்காலம் என்றாலே சித்திக்குப் பயம். மருந்து தீரும் முன்பே வாங்கி அடுக்கி வைக்கிறார். ஊட்டியில் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. இதயத்துக்கான முழுச் சிகிச்சையும் அங்கேயே கிடைக்க வேண்டும்; கோத்தகிரி ஆஸ்பத்திரிக்கும் ஒரு இதய டாக்டர் வர வேண்டும். சுகவாசத்துக்கென்று முதலில் தேர்ந்தெடுத்த ஊருக்கு அவ்வளவாவது செய்யலாம்.