ஏரிக்கரைக் கேள்வி, கடலடிப் பதில்

கே: கிணற்றில் முங்கி, அடிமண்ணை அள்ளிக்கொண்டு வந்து பந்தயம் ஜெயித்தவன் நான். சிலிண்டர் மாட்டி முங்கும் ஸ்கூபாவும் அதே வித்தைதானே?
(கல்லூரி மாணவர், ஏனாத்தூர்)

ப: தலைகீழ் வித்தை, தம்பி. கிணற்றில் மூச்சை அடக்கினால் பந்தயம் ஜெயிக்கலாம். ஸ்கூபாவில் மூச்சை அடக்கினால் உயிருக்கு ஆபத்து. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கரையில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு. அங்கே சிலிண்டரிலிருந்து நெஞ்சு நிறைய இழுத்த காற்றை அடக்கிக்கொண்டே மேலே வந்தால், அது இரண்டு மடங்காக விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். அதனால் மூச்சு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், மெதுவாக ஏற வேண்டும், 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் நின்று வர வேண்டும். கிணறு கொடுத்த துணிச்சலை மட்டும் எடுத்துப் போங்கள். பழக்கத்தை விட்டுவிட்டுப் போங்கள்.

கே: மீனைப் பார்த்த சந்தோஷத்தில் கட்டைவிரலை உயர்த்திக் காட்டலாமா?
(ஆட்டோ ஓட்டுநர், உத்திரமேரூர்)

ப: காட்டினால் கூட வருபவர் உங்களை மேலே அழைத்துப் போய்விடுவார்! கடலடியில் அதற்கு 'ஏறுவோம்' என்று அர்த்தம். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேருங்கள். அதுதான் 'நல்லா இருக்கேன்'.

கே: எங்கள் தறியில் அரக்குச் சிவப்பு, மாம்பழ மஞ்சள், மயில்கழுத்து எல்லாம் ஓடும். இந்த நிறங்கள் மீனுக்கும் உண்டா?
(பட்டு நெசவாளர், காஞ்சிபுரம்)

ப: மூன்றும் உண்டு. மயில்கழுத்துக்குக் கிளிமீனைப் பாருங்கள், உங்கள் முந்தானையே நீந்துவது போலிருக்கும். அரக்குதான் கண்ணை ஏமாற்றும். சூரிய ஒளியில் சிவப்பைத்தான் தண்ணீர் முதலில் விழுங்குகிறது. 10 மீட்டருக்குக் கீழே சங்கரா மீன்கூட மங்கிய சாம்பலாகத்தான் தெரியும். டார்ச் அடித்ததும் சிவப்பு பளிச்சென்று திரும்பி வரும். பெட்டியிலிருந்து கூறைப்புடவையை வெளிச்சத்துக்கு எடுப்பது போன்ற அந்த ஒரு நொடிக்காகவே இறங்கலாம்.

கே: பவளப்பாறை கல்லா, செடியா? மாணவர்கள் கேட்கிறார்கள்.
(ஆசிரியை, உத்திரமேரூர்)

ப: இரண்டும் இல்லை, டீச்சர். விலங்கு. நகக்கண் அளவேயான உயிர்கள் தம்மைச் சுற்றிச் சுண்ணாம்பைச் சுரந்து கூடு கட்டுகின்றன. அவற்றின் உடலுக்குள்ளேயே நுண்பாசி குடியிருந்து, வெயிலில் சமைத்துச் சோறு போடுகிறது, நிறமும் கொடுக்கிறது. கடல் வாரக்கணக்கில் அளவுக்கு மீறிச் சூடானால் பவளம் அந்தப் பாசியை வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகும். சூடு சீக்கிரம் தணிந்தால் பிழைக்கும், இல்லாவிட்டால் பட்டினியில் சாகும்.

இது தூரதேசத்துக் கதை இல்லை. ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் 21 தீவுகளைச் சேர்த்து 1986இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா அமைந்தது. அங்கே 117 வகைப் பவளங்களைக் கணக்கெடுத்திருக்கிறார்கள். 1998, 2010, 2016, 2024 என்று அடுத்தடுத்து வெளுத்தன. அதற்கு முன்பே நாம் வேறொரு கொடுமை செய்தோம். சுண்ணாம்புக்காகப் பல ஆண்டுகள் பவளத்தை வெட்டிப் படகு படகாகக் கரையேற்றினோம். அலையைத் தடுத்த அரண் போனதும் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகளும் தண்ணீருக்குள் போய்விட்டன. வரைபடத்தில் 21 இருக்கிறது, கண்ணுக்கு 19தான் தெரியும். பவளத்துக்குச் சட்டப் பாதுகாப்பு 2001இல்தான் வந்தது. பெரிய உருண்டைப் பவளம் ஒன்று வளர்வது வருடத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர். உங்கள் மாணவர்களிடம் ஒரு ஸ்கேலைக் கொடுத்து, ஆள் உயரப் பவளத்தின் வயதைக் கணக்குப் போடச் சொல்லுங்கள்.

கே: மூழ்கிய கப்பலில் துருவைத் தவிர என்ன இருக்கும்?
(ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், வாலாஜாபாத்)

ப: ஒரு ஊரே இருக்கும், ஐயா. 1942 ஏப்ரல் 9 அன்று மட்டக்களப்புக்கு அப்பால், பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலான ஹெர்மிஸை ஜப்பானிய விமானங்கள் குண்டுபோட்டு மூழ்கடித்தன. 307 பேர் இறந்தார்கள். அது 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. சாதாரணப் பயிற்சிக்கு எல்லை 40 மீட்டர் என்பதால் தனிப் பயிற்சி பெற்றவர்கள்தான் அங்கே போக முடியும். அன்றைக்கே மூழ்கிய பிரிட்டிஷ் சார்ஜண்ட் என்ற எண்ணெய்க் கப்பல் 25 மீட்டர் வாக்கில் இருக்கிறது.

அங்கே ஊர் உருவானது எப்படி? கடலடியில் மணலும் சேறும்தான் அதிகம். சிப்பிக் குஞ்சும் பவளக் குஞ்சும் ஒட்டிக்கொள்ளக் கெட்டியான இடம் வேண்டும். இரும்பு கிடைத்ததும் ஒட்டின. அவற்றைத் தேடிச் சிறுமீன் வந்தது, சிறுமீனைத் தேடிக் களவா வந்தது, பாரைக் கூட்டம் வந்தது, குழாய் ஓட்டைக்குள் அஞ்சாளை குடியேறியது. நம் மீனவர்களுக்கு இது பழைய சங்கதி. மரக்கிளையில் கல்லைக் கட்டிக் கடலில் இறக்கி, மீனைச் சேர்க்கிறவர்கள் அவர்கள். ஒன்று சொல்ல வேண்டும்: ஹெர்மிஸ் ஒரு மயானமும்கூட. அங்கிருந்து ஒரு திருகாணியைக்கூட எடுத்து வரக் கூடாது.

கே: புதையல் கிடைத்ததுண்டா?
(மளிகைக் கடைக்காரர், மாகறல்)

ப: உண்டு. 1961இல் இலங்கையின் தென்கிழக்கே ஒரு பாறைத்திட்டில் முக்குளிப்பாளர் மைக் வில்சன் குழுவினர் மூட்டை வடிவத்திலேயே இறுகிப்போன வெள்ளி நாணயங்களைக் கண்டார்கள். ஔரங்கசீப் காலத்து சூரத் நாணயங்கள். வில்சனின் நண்பரான எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் அதை ஒரு புத்தகமாகவே எழுதினார்.

கே: கோமாளி மீன் அப்பா மகனைத் தேடும் படம் பார்த்தேன். நிஜமாகவே தேடுமா?
(ஆறாம் வகுப்பு மாணவி, ஏனாத்தூர்)

ப: தேடாது, கண்ணு. அம்மா மீன் செத்துவிட்டால் அப்பா மீனே பெண்ணாக மாறி முட்டையிடும். படத்தைவிட இது பெரிய ஆச்சரியம் இல்லையா?

கே: கடல் பாம்பு வந்தால்?
(விவசாயி, உத்திரமேரூர்)

ப: வழிவிடுங்கள். விஷம் கடுமை, சுபாவம் சாது. அதுவும் உங்களைப் போல நுரையீரல் உள்ள உயிர்தான், மூச்சுவிட மேலே போய்க்கொண்டிருக்கும்.

கே: எனக்கு 52 வயது. நான் இறங்க முடியுமா?
(மகளிர் குழு உறுப்பினர், ஏனாத்தூர்)

ப: பாம்பன் பக்கம் போய்ப் பாருங்கள், அம்மா. விரல்களில் துணி சுற்றி, கண்ணில் கண்ணாடி மாட்டி, சிலிண்டர் இல்லாமலே முங்கிக் கடற்பாசி எடுக்கிற பெண்களில் ஐம்பதைத் தாண்டியவர்களும் இருக்கிறார்கள். வயது தடையில்லை. ஆஸ்துமா, இதயக் கோளாறு, காதுக் கோளாறு இருந்தால் மருத்துவர் சம்மதித்த பிறகே போக வேண்டும். நமக்குப் பக்கம் புதுச்சேரி, அங்கே பயிற்சி மையங்கள் உண்டு. முதல் முறை பயிற்சியாளர் கூடவே வருவார், 12 மீட்டருக்குக் கீழே கூட்டிப்போக மாட்டார். காது வலித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்காதீர்கள், உடனே கையைக் காட்டி நிறுத்துங்கள். திரும்பி வந்ததும் எந்த மீனைப் பார்த்தீர்கள் என்று எழுதுங்கள்.